மூன்றாவது தொடக்கத்தில் தொலையும் தாவல்கள்: பயர்பாக்ஸின் அமர்வு மீட்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் நிகழ்வு மிக எளிமையானது. ஓர் ஆராய்ச்சி மாணவர் மேசைக் கணினியில் பயர்பாக்ஸ் உலாவியை அதன் இயல்பு அமைப்புகளை மாற்றாமல் பயன்படுத்துகிறார் என்று கொள்வோம். பல நாள் தேடிச் சேர்த்த கட்டுரைகளும் அட்டவணைகளுமாக அறுபது தாவல்கள் திறந்திருக்கின்றன. இரவில் அவர் உலாவியை முறையாக மூடிவிட்டு உறங்கச் செல்கிறார். காலையில் மின்னஞ்சல் மென்பொருளில் வந்த ஓர் இணைப்பைச் சொடுக்குகிறார். உலாவி தொடங்கி அந்த ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறது; படித்து முடித்ததும் மூடிவிடுகிறார். நண்பகலில் வேலையைத் தொடர உலாவியை மீண்டும் திறந்து, வரலாறு பட்டியலில் உள்ள 'முந்தைய அமர்வை மீட்டமை' என்ற கட்டளையைக் கொடுக்கிறார். காலையில் படித்த அந்த ஒற்றைப் பக்கம்தான் வருகிறது. அறுபது தாவல்களைக் காணவில்லை.

இதில் மென்பொருள் செயலிழக்கவில்லை, மின்சாரம் போகவில்லை, வட்டும் பழுதாகவில்லை. ஒவ்வொரு நிரல் வரியும் எழுதப்பட்டபடியே இயங்கியிருக்கிறது. ஆனாலும் பயனரின் வேலை போய்விட்டது. இந்த மாதிரி நிகழ்வை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம். அமர்வு மீட்பு, அதாவது சென்ற முறை திறந்திருந்த சாளரங்களையும் தாவல்களையும் திரும்பக் கொண்டுவருவது, உலாவி திறக்கும்போது நடக்கும் ஒரு வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் பெரும்பகுதி முந்தைய ஓட்டத்தின்போதே, எந்தக் கோப்பை எப்போது எழுதுவது, எதை எப்போது இடம் மாற்றுவது என்ற வரிசையிலேயே முடிந்துவிடுகிறது. தொடக்கத்தின்போது உலாவி செய்வது, எஞ்சியிருக்கும் பிரதிகளில் எதை நம்புவது என்று முடிவெடுப்பது மட்டுமே.

சென்ற முறை எப்படி முடிந்தது?

பயர்பாக்ஸில் இந்த வசதி 2006 அக்டோபரில் வெளியான 2.0 பதிப்பில் உள்ளமைந்த ஒன்றாக வந்தது. அதற்கு முன்பு இதை நீட்சிகள் (உலாவியில் தனியாகச் சேர்க்கும் துணை நிரல்கள்) வழியாகத்தான் பெற வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் பயனரின் அமைப்புகளையும் தரவையும் உலாவி வைக்கும் சுயவிவரக் கோப்புறையில் 'செஷன்ஸ்டோர்' என்ற ஒரே ஒரு முதன்மைக் கோப்பு இருந்தது. உலாவி இயங்கும்போதும் அதிலேயே எழுதும், மூடும்போதும் அதிலேயே எழுதும். அமர்வு 'ஓடிக்கொண்டிருக்கிறது' அல்லது 'நின்றுவிட்டது' என்று கோப்புக்குள்ளேயே ஒரு குறிப்பு இருக்கும். அடுத்த தொடக்கத்தில் அந்தக் குறிப்பு 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்றே இருந்தால், உலாவி ஒழுங்காக மூடப்படவில்லை என்று பொருள்.

இந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமைகிறது. ஒழுங்காக மூடப்பட்டிருந்தால் பயனர் தெரிந்தே மூடினார் என்று கொண்டு, அவருடைய விருப்ப அமைப்பின்படி நடக்க வேண்டும். இயல்பு அமைப்பில் அது முகப்புப் பக்கத்தைக் காட்டுவது. நடுவில் அறுந்திருந்தால் விருப்ப அமைப்பு எதுவாக இருந்தாலும் விட்ட இடத்திலிருந்து தாவல்களைத் திறக்க வேண்டும். பிற்காலப் பதிப்புகளில் அமர்வுத் தரவுக்கு வெளியே தனியாக ஒரு சிறு கோப்பு வைக்கப்பட்டது. உலாவி மூடப்படும்போது கடக்கும் ஒவ்வொரு கட்டமும் அதில் பதிவாகும். அந்தப் பட்டியலில் 'அமர்வின் இறுதி நிலை எழுதி முடிந்தது' என்ற பதிவு இருந்தால்தான் சென்ற முறை நலமாக முடிந்தது என்று உலாவி ஏற்கிறது. அமர்வுக் கோப்புகள் இருந்தும் இந்தப் பதிவுக் கோப்பைக் காணவில்லை என்றால், பழைய பதிப்பின் அந்த உட்குறிப்பைத் தேடிப் பார்க்கும். அதுவும் இல்லாவிட்டால் செயலிழப்பு என்றே கொள்ளும். ஐயம் எழும் இடத்தில் பயனரின் தரவைக் காக்கும் பக்கம் சாயும் இந்த முடிவு மிகச் சரியானது என்பது என் கருத்து. தேவையில்லாமல் தாவல்கள் திறந்துவிட்டால் மூடிக்கொள்ளலாம். திறக்காமல் போனால் இழப்புதான்.

ஐந்து பிரதிகள்

ஒரே கோப்பை நம்பியிருந்த அமைப்பு நெடுநாள் தாங்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே கணினி நின்றால் பாதி எழுதிய கோப்புதான் மிஞ்சும். இதற்கான பழைய தீர்வு, புதிய உள்ளடக்கத்தைத் தற்காலிகப் பெயரில் முழுவதும் எழுதிவிட்டு, பிறகு அதற்கு உண்மைப் பெயரைச் சூட்டுவது. பெயர் மாற்றம் ஒரே அடியில் நடப்பதால் பழையதோ புதியதோ ஒன்று முழுதாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் பெயர் மாறிய பிறகும் உள்ளடக்கம் இயங்குதளத்தின் நினைவகத்திலேயே நின்று, வட்டை அடையாமல் இருக்க வாய்ப்புண்டு. லினக்ஸில் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை) பரவத் தொடங்கிய 2009-இல், மின்தடைக்குப் பின் அமைப்புக் கோப்புகள் பூச்சிய நீளத்தில் கிடந்ததைப் பலர் கண்டார்கள். காரணம் இந்த இடைவெளியே.

ஒவ்வொரு முறையும் வட்டில் இறக்கி முடிக்கும்வரை காத்திருக்கும்படி இயங்குதளத்தைக் கட்டாயப்படுத்தலாம். அதற்கும் விலை உண்டு. 2008-இல் பயர்பாக்ஸ் 3 வெளிவரவிருந்த நேரத்தில், வரலாற்றுத் தரவுத்தளம் அவ்வாறு அடிக்கடி கட்டாயப்படுத்தியதால், எக்ஸ்ட்3 கோப்பு முறைமை கொண்ட லினக்ஸ் கணினிகளில் உலாவி பல விநாடிகள் உறைந்து நின்றது. அந்தக் கோப்பு முறைமை ஒரு கோப்பை இறக்கச் சொன்னால் தேங்கியிருந்த மற்றவற்றையும் சேர்த்து இறக்கும். ஆக, காத்திருந்தால் உலாவி உறையும். காத்திருக்காவிட்டால் கோப்பு கெடலாம். ஒரு பிரதியை எப்பாடுபட்டாவது பாதுகாப்பதைவிட, பல பிரதிகளை வைத்து, நல்ல பிரதியைக் கெட்ட பிரதி ஒருபோதும் அழிக்காத வரிசையில் எழுதுவதே இதற்கு வழி.

2014-இல் 33-ஆம் பதிப்பு அந்த வழியை எடுத்தது. அன்று முதல் ஐந்து வகைக் கோப்புகள் உள்ளன. முதலாவது, ஒழுங்காக மூடும்போது மட்டும் எழுதப்படும் 'செஷன்ஸ்டோர்'. இதை இறுதிக் கோப்பு என்போம். மற்றவை காப்புகளுக்கான துணைக் கோப்புறையில் இருக்கும். இயங்கும்போது எழுதப்படுவது 'ரெக்கவரி'. அதற்கு முந்தைய எழுத்தின் பிரதி, அதே பெயரில் காப்பு என்ற பின்னொட்டோடு இருக்கும். 'பிரீவியஸ்' என்பது சென்ற முறை இறுதிக் கோப்பாக இருந்தது. 'அப்கிரேட்' என்பது உலாவி புதிய பதிப்புக்கு மாறும்போது எடுக்கப்படும் பிரதி. இவற்றில் மூன்று வரை வைத்துக்கொள்ளப்படும். தொடக்கத்தில் உலாவி இதே வரிசையில் ஒவ்வொன்றாகப் படிக்க முயன்று, பிழையின்றிப் படிக்க முடிந்த முதல் கோப்பை எடுத்துக்கொள்கிறது. பின்னர் 2017-இல், 56-ஆம் பதிப்பில் இவை எல்இசட்4 முறையில் சுருக்கி எழுதப்படலாயின. ஆதலால் இன்று அவற்றைச் சாதாரண உரைத்திருத்தியில் திறந்தால் படிக்க முடியாது.

இந்த அமைப்பின் நுணுக்கம் இடமாற்றத்தில் இருக்கிறது. உலாவி தொடங்கி முதல்முறை எழுதும்போது, இறுதிக் கோப்பை 'பிரீவியஸ்' என்ற இடத்துக்கு நகர்த்திவிடுகிறது. அதன்பின் உலாவி ஓடும் நேரம் முழுவதும் இறுதிக் கோப்பு என்ற பெயரில் எதுவுமே இருக்காது. எனவே நடுவில் அறுந்தால், அடுத்த தொடக்கத்தில் எது புதியது என்ற குழப்பம் எழாது; 'ரெக்கவரி'தான் கையில் கிடைக்கும். இயங்கும் நேரத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் முன்பு, இருக்கும் 'ரெக்கவரி' காப்பு இடத்துக்கு நகரும். அது இந்த ஓட்டத்திலேயே எழுதப்பட்டதாக, அல்லது தொடக்கத்தில் பிழையின்றிப் படிக்கப்பட்டதாக இருந்தால்தான் நகரும். கெட்டுப்போனதாகத் தெரிந்தால் காப்பின் மேல் அதை வைக்க நிரல் மறுக்கும். செயலிழப்பு, திடீர் மின்தடை, பாதியில் நின்ற எழுத்து ஆகிய மூன்றுக்கும் எதிராக இதைவிடச் சிக்கனமான காவலை அமைப்பது கடினம்.

நம் மாணவரின் மூன்று தொடக்கங்களை இப்போது இந்த விதிகளின் மீது ஓட்டிப் பார்க்கலாம். இரவில் மூடும்போது அறுபது தாவல்களும் இறுதிக் கோப்பில் பத்திரமாக எழுதப்பட்டன. காலையில் இணைப்பைச் சொடுக்கியதும் உலாவி இறுதிக் கோப்பைப் படித்தது. ஒழுங்காக மூடப்பட்ட அமர்வு என்பதால் திறக்காமல், மீட்டமைக்கும் கட்டளைக்காக நினைவில் வைத்துக்கொண்டது. முதல் எழுத்தின்போது அந்தக் கோப்பு 'பிரீவியஸ்' ஆனது. ஒற்றைப் பக்கத்தைப் படித்துவிட்டு மூடியபோது அந்த ஒற்றைப் பக்கமே புதிய இறுதிக் கோப்பானது. இந்தக் கணத்தில் அறுபது தாவல்கள் இன்னமும் வட்டில், 'பிரீவியஸ்' கோப்பில் உயிரோடு இருக்கின்றன. நண்பகலில் மூன்றாம் முறை தொடங்கியபோது இறுதிக் கோப்பு பிழையின்றிப் படிக்கப்பட்டதால், 'பிரீவியஸ்' கோப்பை உலாவி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சில விநாடிகளில் நடந்த முதல் எழுத்தில், ஒற்றைப் பக்கம் கொண்ட இறுதிக் கோப்பு 'பிரீவியஸ்' என்ற இடத்துக்கு நகர்ந்தது. அங்கிருந்த அறுபது தாவல்களை அழித்துவிட்டு அங்கே உட்கார்ந்தது.

தாவல்கள் தொலைந்த இடம் இதுதான். அவர் 'மீட்டமை' கட்டளையைத் தேடி உலாவியைத் திறந்த அதே செயல்தான் மீட்கக்கூடிய கடைசிப் பிரதியையும் அழித்தது. காலையில், அந்த ஒற்றைப் பக்கம் திறந்திருந்தபோதே கட்டளையைக் கொடுத்திருந்தால் எல்லாம் வந்திருக்கும்.

எழுதும் இடைவெளியின் விலை

இயங்கும் நேரத்தில் எத்தனை விநாடிக்கு ஒருமுறை எழுதுவது என்பது தொடக்கம் முதலே இருக்கும் இழுபறி. முதலில் 10 விநாடியாக இருந்த இடைவெளி பின்னர் 15 ஆனது. 15 விநாடி என்றால், மிக மோசமான நிலையிலும் அவ்வளவு நேர வேலைதான் போகும் என்று பொருள். ஆனால் பயர்பாக்ஸ் மாறியதை மட்டும் எழுதுவதில்லை. அமர்வு முழுவதையும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுகிறது. தாவல்கள் நிறைய இருந்து, ஏதாவது ஒரு பக்கம் தன் நிலையை இடைவிடாமல் மாற்றிக்கொண்டிருந்தால், பயனர் தொடாத நேரத்திலும் பெரிய கோப்பு திரும்பத் திரும்ப வட்டுக்குப் போகும். 2016 செப்டம்பரில் ஒரு வன்பொருள் இணையதளம், சும்மா திறந்து வைத்த பயர்பாக்ஸ் நாளொன்றுக்கு 12 கிகாபைட் வரை எஸ்எஸ்டி எனப்படும் மின்னணுச் சேமிப்பு வட்டில் எழுதியதை அளந்து வெளியிட்டது. அடிக்கடி எழுதுவது எஸ்எஸ்டியின் ஆயுளைக் குறைக்கும் என்ற கவலை அப்போது பரவலாக எழுந்தது.

அந்தச் சமயத்தில் பலர் இடைவெளியை அரை மணி நேரமாக உயர்த்திக்கொள்ளும்படி பரிந்துரைத்தார்கள். அது நல்ல ஆலோசனையே அல்ல. அரை மணி நேர வேலையைப் பணயம் வைத்து வட்டின் ஆயுளைக் காப்பது, காக்க வேண்டியதை மறந்துவிட்டுக் கருவியைக் காப்பதாகும். உலாவியில் பின்னர் இடம்பெற்ற தீர்வு இதைவிட நுட்பமானது. பயனர் 180 விநாடிகள் எதையும் தொடாவிட்டால் இடைவெளி ஒரு மணி நேரமாக நீளும். அவர் திரும்பி வந்ததும் 15 விநாடிக்குத் திரும்பும். வேலை நடக்காத நேரத்தில் இழப்பதற்கும் அதிகம் இருக்காது.

குரோம் உலாவி வேறு வழியை எடுத்தது. அது அமர்வு முழுவதையும் எழுதாமல், தாவல் திறந்தது, முகவரி மாறியது, தாவல் மூடியது என்று ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கட்டளையாகக் கோப்பின் முடிவில் சேர்த்துக்கொண்டே போகிறது. வணிகர் வரவு செலவை நாளேட்டில் வரிசையாகப் பதிந்துவிட்டு, அவ்வப்போது பேரேட்டில் தொகுப்பது போன்றது இது. மாற்றங்கள் 2.5 விநாடித் தாமதத்தில் எழுதப்படுகின்றன. கட்டளைகள் குவிந்ததும் கோப்பு புதிதாகத் தொகுக்கப்படுகிறது. எழுதும் அளவு குறைவு, இழக்கும் நேரமும் குறைவு. ஆனால் பதிவுகளை முதலிலிருந்து வரிசையாக ஓட்டித்தான் நிலையை மீட்க முடியும். பயர்பாக்ஸின் கோப்பையோ தனியாக எடுத்து வைத்தால் அதுவே முழு அமர்வு. செயலிழப்புக்குப் பின் குரோம் தாவல்களைத் தானாகத் திறப்பதில்லை. முறையாக மூடப்படவில்லை என்று அறிவித்து, மீட்கவா என்று கேட்கிறது. பயனர் கவனிக்காமல் அந்தப் பெட்டியை மூடிவிடக்கூடும் என்பதால், இந்த ஓர் இடத்தில் பயர்பாக்ஸின் முடிவையே நான் மேலானதாகக் கருதுகிறேன்.

கோப்பில் இருப்பதும் இல்லாததும்

சுருக்கத்தை விரித்துப் பார்த்தால் கோப்பின் அமைப்பு தெளிவாகவே இருக்கும். மேலே சாளரங்களின் பட்டியல். ஒவ்வொரு சாளரத்துக்கும் அகலம், உயரம், திரையில் அதன் இடம், தேர்ந்தெடுத்திருந்த தாவலின் எண். ஒவ்வொரு தாவலுக்கும் முகவரி மட்டுமல்லாமல் பின்-முன் வரலாறும் உண்டு. பின்னோக்கி இயல்பாகப் பத்துப் பக்கங்கள் வரை சேமிக்கப்படும். பக்கத்தை எவ்வளவு தூரம் உருட்டியிருந்தார், படிவத்தில் எதைத் தட்டச்சு செய்து அனுப்பாமல் விட்டிருந்தார், அண்மையில் எந்தத் தாவல்களையும் சாளரங்களையும் மூடினார் என்பனவும் அதில் உள்ளன.

செயலிழப்புக்குப் பின்னும் பல தளங்களில் மீண்டும் உள்நுழைய வேண்டியதில்லை என்பதைப் பயனர்கள் கவனித்திருப்பார்கள். பயனரை அடையாளம் காணத் தளங்கள் உலாவியில் வைக்கும் சிறு தரவுகளில், மூடினால் மறைய வேண்டிய அமர்வுக் குக்கீகளும் கோப்பில் எழுதப்படுவதுதான் காரணம். இதனால் அந்தக் கோப்பைக் கைப்பற்றுபவர் பயனரின் கணக்குகளுக்குள் நுழையவும் கூடும். கடவுச்சொல் பெட்டியில் எழுதியதும், கடன் அட்டை எண் போன்ற அமைப்புடைய எண்களும் சேமிக்கப்படுவதில்லை. தனிப்பட்ட சாளரங்கள் கோப்பில் இடம்பெறுவதே இல்லை. தானாக மீட்கும் விருப்பம் இல்லாதபோது, ஒழுங்காக மூடியதும் 'ரெக்கவரி' கோப்பும் அதன் காப்பும் அழிக்கப்படுகின்றன. செயலிழப்புக்காக மட்டுமே வைத்திருந்த அந்தரங்கத் தரவு தேவை முடிந்த பின் வட்டில் கிடக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். நம் மாணவரின் தாவல்கள் அந்த இரண்டு கோப்புகளிலும் எஞ்சாமல் போனதற்கு இதுவும் காரணம்.

திறக்கும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முற்காலத்தில் எல்லாத் தாவல்களும் ஒரே நேரத்தில் இணையத்திலிருந்து இறங்கத் தொடங்கி கணினியை முடக்கின. 2012-இல் வந்த 13-ஆம் பதிப்பு முதல், தேர்ந்தெடுத்த தாவலும் பொருத்திவைத்த தாவல்களும் மட்டும் உடனே ஏறும். மற்றவை சொடுக்கும்வரை தலைப்பும் சின்னமும் மட்டுமாகக் காத்திருக்கும். 2017-இல் 55-ஆம் பதிப்பு, காத்திருக்கும் தாவலுக்கான உள் அமைப்பை உருவாக்குவதையும் ஒத்திப்போட்டது. 1,691 தாவல்கள் கொண்ட அமர்வு ஒன்றை பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் பொறியாளர் ஒருவர் அப்போது சோதித்தபோது, முந்தைய பதிப்புகளில் பல நிமிடங்கள் எடுத்த தொடக்கம் ஏறத்தாழ 15 விநாடியில் முடிந்தது.

தாவலைத் திறப்பதே செயலிழப்புக்குக் காரணமாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. அடுத்தடுத்துச் செயலிழந்தால், இயல்பாக ஒருமுறைக்கு மேல் தானாக மீட்காமல், தாவல்களைப் பட்டியலிட்டு எவற்றைத் திறக்கலாம் என்று கேட்கும் பக்கம் வரும். அமர்வு கடைசியாக எழுதப்பட்டு ஆறு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டாலும் அதே பக்கம்தான். பழுதான தாவலின் குறியை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றை மீட்கலாம்.

மாணவருக்கு என்ன சொல்வது?

மூன்றாம் முறை திறந்தாகிவிட்ட நிலையில் எஞ்சியிருக்கும் வாய்ப்பு 'அப்கிரேட்' கோப்புகளே. அண்மையில் உலாவி புதுப்பிக்கப்பட்டிருந்தால், அந்த நாளில் திறந்திருந்த தாவல்கள் அதில் இருக்கும். அறுபதும் இல்லாவிட்டாலும் பெரும்பகுதி கிடைக்கக்கூடும். இரண்டாம் ஓட்டம் மூடப்பட்ட நிலையிலேயே ஒருவர் தாவல்களை நினைத்துக்கொண்டால் நிலைமை மிக நல்லது. அப்போது உலாவியைத் திறக்கவே கூடாது. சுயவிவரக் கோப்புறையை இயங்குதளத்தின் கோப்பு மேலாளர் வழியாகத் தேடிச் சென்று, முதலில் காப்புக் கோப்புறை முழுவதையும் வேறோர் இடத்தில் நகலெடுக்க வேண்டும். பிறகு 'பிரீவியஸ்' கோப்பின் ஒரு பிரதியை 'செஷன்ஸ்டோர்' என்று பெயர் மாற்றி, பின்னொட்டை மாற்றாமல், இறுதிக் கோப்பின் இடத்தில் வைத்து, அதன் பின்னரே உலாவியைத் தொடங்கி மீட்டமைக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். கோப்பின் அளவே வழிகாட்டும்: ஒற்றைப் பக்கம் கொண்டது மிகச் சிறியதாகவும், அறுபது தாவல்கள் கொண்டது அதைவிடப் பன்மடங்கு பெரியதாகவும் இருக்கும்.

எதிர்காலத்துக்கு, அமைப்புகளில் 'முந்தைய சாளரங்களையும் தாவல்களையும் திற' என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுப்பது இந்த வகை இழப்பை முற்றிலும் தவிர்க்கும். அப்போது மின்னஞ்சல் இணைப்பால் தொடங்கினாலும் அறுபதோடு அறுபத்தொன்றாக அந்தப் பக்கம் சேரும். ஆனால் மூடும்போது வரலாற்றை அழிக்கும்படி அமைத்திருப்பவருக்கு இந்த வழி உதவாது.

பயனரிடம் இவ்வளவையும் எதிர்பார்ப்பது நியாயமா என்றால், இல்லை என்றே சொல்வேன். செயலிழப்புக்கு எதிராக நான்கு அடுக்குக் காவல் அமைத்தவர்கள், பயனரின் சாதாரணமான ஒரு சொடுக்குக்கு எதிராக ஓர் அடுக்கை மட்டுமே விட்டிருக்கிறார்கள். 'பிரீவியஸ்' கோப்பை மேலெழுதும் முன்பு இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டு, பெரிய அமர்வு ஒன்று சிறியதால் அழியப்போகிறது என்றால் அதைப் பதிப்பு மாற்றத்தின்போது செய்வதைப் போலவே தனிப் பெயரில் ஒதுக்கி வைக்கலாம். மூன்று பிரதிகள் வரை வைத்துப் பழையதை நீக்கும் நிரல் ஏற்கெனவே உலாவிக்குள் இருக்கிறது. செயலிழப்புக்குப் பின் தாவல்களைப் பட்டியலிட்டுக் காட்டும் அந்தப் பக்கத்திலேயே, இப்படி ஒதுக்கிய அமர்வுகளைத் தேதியோடும் தாவல் எண்ணிக்கையோடும் காட்டி, வரலாறு பட்டியலிலிருந்து அதற்கு ஒரு வழியும் வைத்தால் போதும்.